எர்த்சீ முடிந்துவிட்டது, அடுத்து யார்?

கூழாங்கல்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு 'தி அதர் விண்ட்' கடைசிப் பக்கத்தை மூடினேன். உர்சுலா லெ குவினின் எர்த்சீ வரிசையில் ஆறாவது புத்தகம், கடைசியும் அதுதான். 1968-இல் அவர் தொடங்கியதை 2001-இல் முடித்தார். நான் ஐந்தே மாதத்தில் படித்துத் தீர்த்துவிட்டேன். அவர் 2018-இல் போய்விட்டார், இனி புதிதாக ஒன்றும் வராது என்பது முன்பே தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை காலை பேருந்தில் உட்கார்ந்து பையைத் திறந்தபோது கையில் எடுக்க ஒன்றுமில்லாமல் இருந்தது கஷ்டமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று புத்தகங்கள் வாங்கிவிட்டேன். மூன்றின் பின்னட்டையிலும் டிராகன் உண்டு, மந்திரவாதிகளின் பள்ளி உண்டு. மூன்றையும் ஐம்பது பக்கம் தாண்ட முடியவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எர்த்சீயில் என்னைப் பிடித்து வைத்தது டிராகன் இல்லை.

என்னைப் பிடித்தது பெயர். அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை உயிரை ஒப்படைக்கலாம் என்று நம்பும் ஆளிடம் மட்டும்தான் சொல்வார்கள். இதைப் படித்ததும் எனக்கு என் ஆச்சிதான் நினைவுக்கு வந்தார். தாத்தாவின் பெயரை ஆச்சி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "நீ சொல்லுளா" என்பார். தாத்தா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் சொல்ல மாட்டார். பெயருக்கு இவ்வளவு கனம் உண்டு என்பதை எனக்குச் சின்ன வயதிலேயே காட்டியவர் அவர்தான். லெ குவின் அதே கனத்தை ஒரு தீவுக்கூட்டம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார்.

அடுத்தது, நிழல். முதல் புத்தகத்தின் நாயகன் கெட் தன் கர்வத்தால் எதை அவிழ்த்துவிட்டான், அது ஏன் அவனையே துரத்துகிறது என்று நான் இங்கே சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் இருப்பீர்கள். மூன்றாவது, அந்த அமைதி. 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' நாவலில் டெனார் விளக்கே கூடாத நிலவறையில், சுவரைத் தடவி, எத்தனையாவது திருப்பம் என்று எண்ணிக்கொண்டே நடப்பாள். போர் இல்லை, கூச்சல் இல்லை. பக்கத்தைத் திருப்பும்போது என் கையே மெதுவாகத்தான் நகர்ந்தது.

இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தரக்கூடிய எழுத்தாளர்களைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, மெதுவாகப் படித்துக்கொள்வேன்.

திண்ணைவாசி

முதலில் ஒரு கேள்வி. லெ குவினையே முழுசாக முடித்துவிட்டீர்களா? எர்த்சீ முடிந்ததும் பலர் அவர் அறிபுனைவுப் பக்கம் போகிறார்கள், அல்லது வேறு ஆளைத் தேடுகிறார்கள். 'ஆனல்ஸ் ஆஃப் தி வெஸ்டர்ன் ஷோர்' என்ற முத்தொகுதி கண்ணில் படாமலேயே போய்விடுகிறது. 'கிஃப்ட்ஸ்' 2004, 'வாய்சஸ்' 2006, 'பவர்ஸ்' 2007. எழுபதைத் தாண்டிய வயதில் எழுதியவை, 'பவர்ஸ்' அறிபுனைவு, ஃபேன்டஸி எழுத்துக்கான நெபுலா விருதும் வாங்கியது.

'கிஃப்ட்ஸ்' நாவலில் ஓரெக் என்ற பையன் மலைநாட்டுக்காரன். அங்கே ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு சக்தி உண்டு. இவன் குடும்பத்துச் சக்தி, பார்வையாலேயே எதையும் குலைத்துவிடுவது. அது அவன் கட்டுக்குள் நிற்காது என்று பயந்து அப்பா அவன் கண்ணைத் துணியால் கட்டிவிடுகிறார். அம்மா கீழ்நாட்டுக்காரி, எழுதப் படிக்கத் தெரிந்தவள். தனக்குத் தெரிந்த கதைகளையெல்லாம் மகனுக்காகக் கையால் எழுதி வைக்கிறாள். கண் கட்டப்பட்ட பிள்ளைக்கு எழுதி வைக்கிறாள்! நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்புறம் எர்த்சீயிலேயே 'ஃபயர்லைட்' என்ற ஒரு சிறுகதை இருக்கிறது. அவர் இறந்த பிறகு 2018-இல் வெளிவந்தது. சார்லஸ் வெஸ் படங்கள் வரைந்த 'தி புக்ஸ் ஆஃப் எர்த்சீ' என்ற பெரிய ஒற்றைத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். கெட் உங்களிடம் விடைபெற்றுக்கொள்ள வேண்டுமானால் அதைப் படிக்க வேண்டும்.

செம்பருத்தி

கூழாங்கல், நீங்கள் பெயர் என்று சொன்னதும் என் வாயில் வந்த பெயர் பட்ரீஷியா மெக்கிலிப். 'தி ஃபர்காட்டன் பீஸ்ட்ஸ் ஆஃப் எல்ட்', 1974. உலக ஃபேன்டஸி விருது என்று ஒன்று தொடங்கியபோது, 1975-இல், நாவலுக்கான முதல் விருது இதற்குத்தான் கிடைத்தது.

சைபல் என்ற பெண் பனிமலை மேல் தனியாக இருக்கிறாள். மனிதர்கள் கிடையாது. அவளுடைய அப்பாவும் தாத்தாவும் பெயர் சொல்லி அழைத்து வரவழைத்த பழங்கதை மிருகங்கள்தான் துணை. விடுகதைக்கெல்லாம் விடை தெரிந்த பன்றி ஒன்று, கிழட்டுச் சிங்கம், கறுப்பு அன்னம், புதையல் மேல் படுத்திருக்கும் டிராகன். பெயர் தெரிந்தால் போதும், மனத்தாலேயே அழைப்பாள், அது வந்து சேரும். ஒருநாள் வாசலில் ஒருவன் கைக்குழந்தையோடு வந்து நிற்கிறான். அங்கிருந்து கதை. மற்றவர்களை அழைத்தே பழகிய பெண்ணை வேறொருவன் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினால் என்னவாகும் என்பதுதான் நடுமையம். சின்னப் புத்தகம், இரண்டே இரவில் முடியும்.

முடித்துப் பிடித்திருந்தால் அவருடைய 'ரிடில் மாஸ்டர்' முத்தொகுதிக்குப் போங்கள். நாயகன் மார்கன் ஒரு விவசாயத் தீவின் இளவரசன். பேயோடு விடுகதைப் போட்டி போட்டு ஒரு கிரீடத்தை ஜெயித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருப்பான். ஒரு எச்சரிக்கை: முதல் பாகம் நட்டாற்றில் விட்டதுபோல முடியும். மூன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவுப்பயணி

எல்லாரும் பழைய புத்தகமாகவே சொல்கிறீர்கள். இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களைப் படித்தால்தானே அடுத்த புத்தகத்துக்காகக் காத்திருக்கும் சந்தோஷம் கிடைக்கும்? பிராண்டன் சாண்டர்சன் படிக்கச் சொல்வேன். 'மிஸ்ட்பார்ன்' 2006-இல் வந்தது. உலோகத்தை விழுங்கி வயிற்றுக்குள் 'எரித்தால்' சக்தி வரும். இரும்பை எரித்தால் சுற்றியுள்ள உலோகத்தை இழுக்கலாம், எஃகை எரித்தால் தள்ளலாம். விதியெல்லாம் துல்லியமாக இருப்பதால் சண்டையில் நாமே கூடச் சேர்ந்து கணக்குப் போடலாம். எனக்கு வேலை போய் வீட்டில் இருந்த நாலு மாதத்தைக் கடத்திவிட்டது இந்த வரிசைதான். அதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

செம்பருத்தி

இரவுப்பயணி, யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கூழாங்கல் கேட்டது அது இல்லையே. சாண்டர்சனில் விதி என்பது இயந்திரத்தின் விதி. இவ்வளவு போட்டால் இவ்வளவு வரும். எர்த்சீயிலும் விதி உண்டு, அது வேறு மாதிரி. ரோக் தீவில் நீ மழை பெய்வித்தால் ஆஸ்கில் தீவில் வறட்சி வரலாம் என்று ஆசிரியர் பையனுக்குச் சொல்வார். அங்கே கேள்வி 'முடியுமா' இல்லை, 'செய்யலாமா'. ஒன்றில் பசித்தவருக்கு மற்றதைப் பரிமாறினால் வயிறு நிறையும், மனது நிறையாது.

இரவுப்பயணி

சரி, அந்த வித்தியாசத்தை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் என் இரண்டாவது ஆள் ராபின் ஹாப். இவரை நீங்கள் மறுக்க முடியாது. 'அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்' 1995-இல் தொடங்கி 2017 வரை ஒரே உலகத்தில் 16 நாவல்கள். அவற்றில் பல, அரச குடும்பத்தில் முறைதவறிப் பிறந்த ஃபிட்ஸ் என்ற பையன் தானே சொல்லும் கதை.

பெயர் என்று கேட்டீர்களே, இதிலும் உண்டு. அந்த அரச குடும்பத்தில் பிள்ளைகளுக்குக் குணத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். வீரமரபு, வாய்மை என்பதுபோல. அந்தப் பெயர் பிள்ளையின் மேல் முத்திரையாகப் பதிந்து அவனை அப்படியே ஆக்கிவிடும் என்பது நம்பிக்கை. ஃபிட்ஸுக்கோ ஆரம்பத்தில் பெயரே கிடையாது. ஆறு வயதில் கோட்டை வாசலில் கொண்டுவந்து விடும்போது அவன் வெறும் 'பையன்'. அவன் ஒரு ஓநாயோடு மனத்தால் பேசிக்கொள்ளும் பகுதிகளுக்காகவே அடுத்த பாகங்களையும் படிக்கலாம். மெதுவாகப் போகும், வலிக்கும். அவசரமாகப் படிக்காதீர்கள்.

கூழாங்கல்

இரவுப்பயணி அண்ணா, நன்றி. மனதார எழுதிக் கொண்டிருக்கிறீர்கள். ஹாப் என் பட்டியலில் ஏறிவிட்டார். 16 நாவல் என்றால் வருஷக்கணக்கில் துணை இருக்கும். ஆனால் உடனே இவ்வளவு பெரிய ஆற்றில் இறங்கத் தைரியம் இல்லை, கொஞ்சம் கரையில் நிற்கிறேன்.

வல்லைவெளி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இப்ப கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். பெயரைப் பற்றிய கதை என்றால் கை கவ்ரியல் கே எழுதிய 'டிகானா', 1990. கே கனடாக்காரர். இளம் வயதில் ஆக்ஸ்ஃபர்டுக்குப் போய், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் மகன் கிறிஸ்டோபருக்கு, அப்பா விட்டுப்போன 'சில்மரிலியன்' தொகுக்க உதவியவர்.

கதை இதுதான். ஒரு மந்திரவாதி அரசனின் மகன் போரில் சாகிறான். அவனைக் கொன்ற நாட்டை வென்ற பிறகும் அரசனுக்கு ஆத்திரம் தீரவில்லை. அந்த நாட்டின் பெயரையே உலகத்தில் இருந்து எடுத்துவிடுகிறான். அதற்கு முன்பே அங்கே பிறந்தவர்களால் மட்டும்தான் 'டிகானா' என்று சொல்லவும் கேட்கவும் முடியும். மற்ற எவருக்குச் சொன்னாலும் அது காதில் ஏறாது. பக்கத்து மாகாணத்தின் கீழ்ப்பகுதி என்பது போல ஒரு புதுப் பெயரை அந்த மண்ணுக்கு வைத்துவிடுகிறான். அப்படிப் பிறந்தவர்களில் கடைசி ஆள் சாகிற நாளில் அந்தப் பெயரும் செத்துப்போகும்.

ஒரு பாத்திரம் தன் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்ல எதிரில் நிற்கிறவருக்குக் கேட்காமல் போகிற இடம் வந்தது. வேலைக்குப் போகிற ரயிலில் வைத்துப் படித்தேன். நான் இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கூழாங்கல் தங்கச்சி, நிழலும் கேட்டிருந்தீர்கள். வஜ்ர சந்திரசேகர என்று கொழும்பைச் சேர்ந்த எழுத்தாளர், ஆங்கிலத்தில் எழுதுகிறார். 'தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்', 2023. சிறந்த நாவலுக்கான நெபுலா விருது அதற்குக் கிடைத்தது. முதல் பக்கத்திலேயே, பிள்ளை பிறந்த கையோடு தாய் அதன் நிழலைப் பெரிய பித்தளை ஆணியால் நிலத்தில் அறைந்து, பிள்ளையிடம் இருந்து பிய்த்து எடுக்கிறாள். எதற்கு? வளர்ந்து அவன் தகப்பனைக் கொல்ல வேண்டும், அதற்கு. தகப்பன் ஊரெல்லாம் கும்பிடுகிற மகான். புத்தரின் மகன் ராகுலனின் கதையை அறிந்தவர்களுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று தெரியும். கெட்டின் நிழல் அவனைத் துரத்தியது, இவனுக்கு நிழலே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

திண்ணைவாசி

வல்லைவெளி, 'டிகானா' பற்றி இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. அட்டையைப் பார்த்து ஏதோ இத்தாலிய ராஜா கதை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இன்றைக்கே எடுக்கிறேன்.

பழுப்புத்தாள்

நான் புத்தகம் தேடும் முறையைச் சொல்கிறேன். எனக்கு ஒரு எழுத்தாளர் பிடித்துவிட்டால், 'இவரைப் போல யார்' என்று தேட மாட்டேன். 'இவர் யாரைப் படித்து வளர்ந்தார்' என்று பார்ப்பேன். அவரைப் போல எழுதுகிறவர்கள் பல சமயம் அவரைப் பார்த்து எழுதியவர்கள்தான். அவர் தண்ணீர் குடித்த கிணறு வேறு எங்கோ இருக்கும்.

லெ குவின் அதை மறைத்து வைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் வீட்டு அலமாரியில் லார்ட் டன்சனியின் 'எ டிரீமர்ஸ் டேல்ஸ்' கண்ணில் பட்டதை ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். 1910-இல் வந்த சிறுகதைத் தொகுப்பு. பழங்கதைகள் ஆதிகாலத்தோடு முடிந்துவிட்டன என்று நினைத்திருந்த சிறுமிக்கு, பெரியவர்கள் இன்னும் புதிதாகப் புராணம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிகிறது. டன்சனி 1957-இல் இறந்தவர், அதனால் பழைய புத்தகங்கள் இணையத்தில் காசில்லாமலே சட்டப்படி கிடைக்கின்றன. நாவல் வேண்டுமென்றால் 'தி கிங் ஆஃப் எல்ஃப்லாண்ட்ஸ் டாட்டர்', 1924.

இன்னொன்று. 1973-இல் லெ குவின் 'ஃப்ரம் எல்ஃப்லாண்ட் டு போகிப்ஸி' என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒரு ஃபேன்டஸி நாவலின் பத்தியை எடுத்து, அதில் நாலு சொல்லை மட்டும் மாற்றுவார். உடனே அது வாஷிங்டன் அரசியல்வாதிகள் பேசிக்கொள்கிற பத்தி ஆகிவிடும். அவர் சொல்ல வருவது, ஃபேன்டஸியில் நடைதான் எல்லாம், நடையில் மாயம் இல்லையென்றால் கதையில் எத்தனை டிராகனை விட்டாலும் பயன் இல்லை. அந்த மூன்று புத்தகங்களை நீங்கள் ஐம்பதாம் பக்கத்தில் மூடினீர்களே, காரணம் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. டன்சனி, ஈ. ஆர். எடிசன் என்ற ஃபேன்டஸி எழுத்தாளர், டோல்கீன் போன்றவர்களின் நடைகளை அதில் வைத்துப் பேசியிருக்கிறார். அங்கிருந்து பிடித்துக்கொண்டு போகலாம்.

இரவுப்பயணி

பழுப்புத்தாள் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், டன்சனியை நான் முயற்சி செய்திருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியமும் ஊர்வலம் மாதிரி நீண்டு போகிறது. ஆங்கிலம் நமக்குப் படித்து வந்த மொழி. புதிதாக ஒருவரை அங்கே அனுப்பினால் ஃபேன்டஸியே வேண்டாம் என்று ஓடிவிடுவார்.

பழுப்புத்தாள்

தம்பி சொல்வது நியாயம்தான். நாவலாக எடுத்தால் மூச்சு வாங்கும். அதனால்தான் சிறுகதைத் தொகுப்பை முதலில் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒன்று, அதையும் வாய்விட்டு. நான் மொட்டை மாடியில் நடந்துகொண்டே படிப்பேன். கண்ணால் ஓட்டினால் ஊர்வலம், காதால் கேட்டால் பாட்டு.

மாலைநேரம்

நடுவில் புகுந்து ஒரு கேள்வி. என் மகளுக்குப் பதினோரு வயது. 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' படித்துவிட்டு அந்த நிழலை நினைத்து இரண்டு நாள் விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினாள். ஆனாலும் இன்னும் வேண்டும் என்கிறாள். கொஞ்சம் சிரிப்பும் இருக்கிற மாதிரி யாராவது உண்டா?

செம்பருத்தி

டயானா வின் ஜோன்ஸ், யோசிக்கவே வேண்டாம். ஆக்ஸ்ஃபர்டில் டோல்கீனிடமும் சி. எஸ். லூயிஸிடமும் பாடம் கேட்டவர். 'சார்ம்ட் லைஃப்' (1977) கொடுங்கள். ஒன்பது உயிர் கொண்ட மந்திரவாதிகள் வருவார்கள். முடித்ததும் 'ஹவுல்ஸ் மூவிங் கேஸில்' (1986). படம் பார்த்திருந்தாலும் புத்தகம் தனிச் சுவை. நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள், அவர் கதைகளில் பெரியவர்கள் செய்கிற தப்புகளையும் விட்டுவைக்க மாட்டார்.

வல்லைவெளி

இங்கே ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். டொரொன்டோ பக்கம் இருக்கிற நம் ஆட்கள் யாராவது வாசித்தால், காலேஜ் தெருவில் லிலியன் எச். ஸ்மித் நூலகத்தில் மெரில் சேகரிப்பு என்று ஒன்று இருக்கிறது. ஜூடித் மெரில் என்ற எழுத்தாளர் தன் சொந்தப் புத்தகங்களை 1970-இல் நகர நூலகத்துக்குக் கொடுத்ததில் இருந்து வளர்ந்தது. முழுக்க அறிபுனைவும் ஃபேன்டஸியும்தான். வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே இருந்து படிக்க வேண்டும். புதிய எழுத்தாளர் ஒருவரைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முதல் நாற்பது பக்கம் வாசித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. பனிக்காலத்துச் சனிக்கிழமைகள் எனக்கு அங்கேதான் போகும்.

நெய்தல்கரை

யாரும் சொல்லாத ஒரு வழி: லெ குவின் பெயரிலேயே ஒரு பரிசு இருக்கிறது. 2022-இல் தொடங்கியது. ஒவ்வொரு வருஷமும் அவர் பிறந்த நாளான அக்டோபர் 21 அன்று அறிவிக்கிறார்கள், 25,000 டாலர். அவருடைய எழுத்தில் மையமாக இருந்த எண்ணங்களைத் தொடுகிற புனைவுக்குத்தான் கொடுக்கிறார்கள். பரிசு வாங்கியது மட்டும் இல்லை, இறுதிப் பட்டியலையே எடுத்து வைத்துக்கொண்டால் ஒரு வருஷத்துக்குப் படிக்கலாம்.

முதல் வருஷம் வாங்கியது கதீஜா அப்தல்லா பாஜாபர் எழுதிய 'தி ஹவுஸ் ஆஃப் ரஸ்ட்'. கென்யாவின் மொம்பாசா துறைமுகம். ஆயிஷா என்ற சிறுமியின் அப்பா மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. எலும்புக்கூட்டால் ஆன படகில், பேசும் பூனை ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவரைத் தேடிக் கடலுக்குள் போகிறாள். நான் கடற்கரைக் கிராமத்தில் வளர்ந்தவள். அப்பா வரும் நேரம் தாண்டினால் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், அடுப்பில் உலை மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த மௌனத்தை இந்தப் பெண் எங்கிருந்தோ பிடித்து எழுதியிருக்கிறார். எர்த்சீயில் கடல் பிடித்தவர்கள் தாராளமாக இறங்கலாம்.

2025-இல் அந்தப் பரிசு யாருக்குப் போனது தெரியுமா? வல்லைவெளி சொன்ன அதே வஜ்ர சந்திரசேகரவுக்கு, 'ரேக்ஸ்ஃபால்' நாவலுக்காக.

திண்ணைவாசி

அமைதி என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சூசனா கிளார்க், 'பிரனேசி', 2020. முடிவே இல்லாத மண்டபங்கள், சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் வந்து போகும். அதில் கிட்டத்தட்டத் தனியாக வாழும் ஒருவன் நாட்குறிப்பு எழுதுகிறான். வருஷத்துக்கு எண் போடாமல், ஆல்பட்ராஸ் பறவை வந்த வருஷம் என்று பெயர் வைத்திருப்பான். கதைச் சுருக்கத்தைத் தயவுசெய்து எங்கேயும் படிக்காதீர்கள். நேராகப் புத்தகத்துக்குப் போங்கள்.

கூழாங்கல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், படித்துக்கொண்டிருந்தேன்.

'கிஃப்ட்ஸ்' முடித்தேன். திண்ணைவாசி சொன்ன அம்மா எழுதி வைக்கிற இடத்தில் எனக்கும் எழுந்து போக வேண்டியதாகிவிட்டது. மெக்கிலிப்பில் பாதியில் இருக்கிறேன். செம்பருத்தி அக்கா, அந்தக் கிழட்டுச் சிங்கம் குழந்தையின் பக்கத்தில் படுத்துக்கொள்வதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு நாயைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். டன்சனி ஐந்து கதை ஆகிறது. பழுப்புத்தாள் ஐயா சொன்னபடி வாய்விட்டுத்தான். இரண்டு பிடிபடவில்லை, மூன்று அப்படியே காதில் நிற்கின்றன. 'பிரனேசி' ஆர்டர் போட்டிருக்கிறேன், 'டிகானா' நேற்று வந்தது.

இன்னும் முதல் அத்தியாயம்தான். ஆனால் வல்லைவெளி அண்ணன் எழுதியிருந்ததை ராத்திரி சாப்பிடும்போது ஆச்சியிடம் கதையாகச் சொன்னேன். ஒரு ராஜா ஒரு ஊரின் பெயரையே அழித்துவிட்டான், அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் அது கேட்கும் என்று. ஆச்சி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அப்ப அந்த ஊர்ப் பிள்ளைய வேற ஊருல பொறந்தா, அதுகளுக்கு?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். காலையில் காபி கொடுக்கும்போது மறுபடியும், "தெரிஞ்சுதா?" என்றார். அதனால் இன்று ராத்திரி மெக்கிலிப்பை ஓரமாக வைத்துவிட்டு இதைத்தான் படிக்கப் போகிறேன்.